கைவரிசை காட்டியவர்களின் சீசன்

கேட்டவர் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பக்கம் புதிதாக வந்தவர். 2024-25 சீசனைப் பற்றி மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார். டென்வரின் யோகிச் டிரிபிள் டபுள் சராசரி (மூன்று கணக்குகளில் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல்) வைத்தும் எம்விபி, அதாவது சீசனின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, ஏன் ஒக்லஹோமாவின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்குப் போனது? அந்த சீசனில் உண்மையிலேயே நல்ல அணிகள் எவை? இந்தியானாவின் ஹாலிபர்டன் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா, இல்லை ஊதிப் பெருக்கப்பட்டவரா? சுருக்கமாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடமாக எல்லோரும் த்ரீ பாயின்டர், த்ரீ பாயின்டர் (தூரத்திலிருந்து போடும் மூன்று பாயின்ட் ஷாட்) என்றே பேசிக்கொண்டிருந்தோம். இந்த சீசனைத் தீர்மானித்தது ஷூட்டிங் இல்லை. பந்தை யார் பறித்தார்கள், யார் பறிகொடுக்காமல் இருந்தார்கள், அப்புறம் அந்த ஓட்டத்தை ஓட எத்தனை பேர் பெஞ்சில் இருந்தார்கள் என்பதுதான். ஃபைனல்ஸுக்கு வந்த ஒக்லஹோமா, இந்தியானா இரண்டு அணிகளையும் பாருங்கள், புரியும்.

ஒக்லஹோமா சிட்டி தண்டர் 68 வெற்றி, 14 தோல்வி. அந்த எண்ணிக்கையை விடுங்கள், இன்னொன்று இருக்கிறது. ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். 1971-72 லேக்கர்ஸ் வைத்திருந்த 12.3 என்ற சாதனை அரை நூற்றாண்டுக்கும் மேல் நின்றது, அது போயிற்று. கிழக்குப் பிரிவு அணிகளோடு 30 ஆட்டம் ஆடி ஒன்றில்தான் தோற்றார்கள். அந்த ஒன்றும் கிளீவ்லாண்டிடம், ஜனவரி 8 அன்று. எட்டு நாள் கழித்து அதே கிளீவ்லாண்டை 20 பாயின்டில் அடித்துக் கணக்கை நேர் செய்துகொண்டார்கள்.

எப்படி என்று கேட்டால், லூ டார்ட், கேசன் வாலஸ், அலெக்ஸ் கருசோ, ஜேலன் வில்லியம்ஸ் என்று வரிசையாக ஆட்களை இறக்குவார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பந்து வைத்திருப்பவரின் இடுப்புக்குள்ளேயே நிற்பார்கள். எதிரணி ஆட்டக்காரர் பந்தை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றும் அரை நொடியில் ஒரு கை உள்ளே நுழையும். நுழைந்தது யார் கை என்று ரீப்ளே பார்த்தால்தான் தெரியும். லீகிலேயே அதிக ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இவர்களுடையது, ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல். அதே சமயம் பந்தைத் தொலைப்பதில் லீகிலேயே கஞ்சர்களும் இவர்கள்தான். மற்றவர்களிடம் பறிப்பது, தன்னுடையதை விடாமல் பிடித்துக்கொள்வது. இரண்டும் சேர்ந்தால் எதிரணியைவிடக் கூடுதலாகப் பல ஷாட் கிடைக்கும். அப்படிக் கிடைத்த பிறகு ஷூட்டிங் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கவலை இல்லை.

டார்ட், கருசோ இருவருமே டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் தேர்வில்) யாராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள். கருசோ தொடக்கத்தில் இதே ஒக்லஹோமாவின் கிளை அணியில் ஆடியவர். சுற்றிவிட்டு, ஜோஷ் கிட்டியைக் கொடுத்த டிரேடில் திரும்பி வந்தார். அந்த டிரேட் நடந்தபோது 21 வயதுப் பையனைக் கொடுத்து 30 வயதுக்காரரை வாங்குகிறார்களே என்று நானே முகம் சுளித்தேன். அது தப்பு என்று காட்டிய ஆட்டத்தைப் பிறகு சொல்கிறேன்.

சரி, எம்விபி விஷயத்துக்கு வருவோம்.

யோகிச் ஆட்டத்துக்கு 29.6 பாயின்ட், 12.7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் (கூடைக்கு வழிசெய்யும் பாஸ்). சீசன் முழுக்க டிரிபிள் டபுள் சராசரி வைத்தவர்கள் அவருக்கு முன் ஆஸ்கர் ராபர்ட்சன், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இரண்டே பேர்தான். இரண்டு பேருமே கார்டுகள் (பந்தை நடத்தும் ஆட்கள்). ஒரு சென்டர் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) இதைச் செய்வது இதுவே முதல் தடவை. ஸ்கோரிங்கில் லீகில் மூன்றாவது, ரீபவுண்டில் மூன்றாவது, அசிஸ்டில் இரண்டாவது. மார்ச்சில் ஃபீனிக்ஸோடு 31 பாயின்ட், 21 ரீபவுண்ட், 22 அசிஸ்ட். அந்த மாதிரி 30-20-20 ஆட்டம் அதற்கு முன் என்பிஏ சரித்திரத்திலேயே கிடையாது. ஏப்ரல் 1 அன்று மினசோட்டாவுக்கு எதிராக 61 பாயின்ட் அடித்தார், இரண்டு ஓவர்டைம் (கூடுதல் நேரம்), ஆனாலும் 140-139 என்று தோற்றார்கள். கடைசி விநாடிகளில் சக ஆட்டக்காரர் வெஸ்ட்புரூக் ஒரு லேஅப்பை (வளையத்துக்குப் பக்கத்து எளிய ஷாட்) தவறவிட்டார், அடுத்து த்ரீ அடிக்கப்போனவரைத் தட்டி ஃபவுலும் கொடுத்தார். யோகிச்சின் சீசன் மொத்தத்தையும் ஒரே ஆட்டத்தில் பார்க்கவேண்டும் என்றால் இதைப் பாருங்கள். மனிதர் மலையைப் புரட்டுகிறார், பக்கத்தில் நிற்பவர் கல்லைத் தவறவிடுகிறார்.

ஷே 32.7 பாயின்டோடு ஸ்கோரிங் சாம்பியன். எம்விபி ஓட்டில் 71 முதலிடம் ஷேவுக்கு, 29 யோகிச்சுக்கு. என் கருத்து கேட்டால், உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அன்றைக்கு யோகிச்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த விருதில் தப்பு இல்லை. நானாக இருந்தாலும் ஷேவுக்குத்தான் போட்டிருப்பேன். முரணாகத் தெரிகிறதா? எம்விபி என்பது திறமைப் போட்டி இல்லை, அந்த சீசனின் கதையில் யாருடைய வேலை அதிகம் பலித்தது என்பதற்கான விருது. 68 வெற்றி அணியில் ஒவ்வொரு இரவும் 30 பாயின்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதற்கு மேல் டிஃபென்ஸிலும் ஒளிந்துகொள்ளாத ஆள் ஷே. தலைசிறந்த ஸ்கோரர் டிஃபென்ஸில் பாரமாக இல்லாதபோதுதான் அப்படி ஒரு பறிக்கிற கூட்டத்தை நடத்த முடியும்.

அவர் ஆடுவதில் அவசரமே கிடையாது. டிஃபென்டர் பக்கத்தில் வந்து சாய்ந்ததும் சட்டென்று நிற்பார். வேகமாக வந்தவன் இரண்டடி தாண்டிப் போய்விடுவான். அந்த இரண்டடி இடைவெளியில், 15 அடி தூரத்திலிருந்து ஒரு ஜம்ப்பர் (எழும்பிப் போடும் ஷாட்). எல்லோருக்கும் தெரியும் இதுதான் வரப்போகிறது என்று. தடுக்கத்தான் முடியாது. மினசோட்டா ரசிகர்கள் அவரை ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத ஷாட்) வியாபாரி என்று கத்தினார்கள். கத்தட்டும். ஆட்டத்துக்கு ஒன்பதுக்கும் குறைவான ஃப்ரீ த்ரோதான் அவருக்கு. மில்வாக்கியின் யானிஸுக்குப் பத்துக்கு மேல், அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் தொட்டவுடன் தலையைப் பின்னுக்கு வெட்டுகிறாரே, அது எனக்கும் எரிச்சல்தான். அதை மறைக்கவில்லை.

ஷேவும் யோகிச்சும் நேருக்கு நேர் மோதியது பிளேஆஃபில் (ரெகுலர் சீசனுக்குப் பிறகு, நான்கு ஆட்டம் ஜெயிப்பவர் முன்னேறும் சுற்றுகள்), மேற்குப் பிரிவு இரண்டாம் சுற்றில். ஏழு ஆட்டம் போனது. டென்வர் அந்த நிலைமையில் அதுவரை வந்ததே அதிசயம். ரெகுலர் சீசனில் மூன்றே ஆட்டம் மிச்சமிருந்தபோது, 2023ல் கோப்பை வாங்கிக்கொடுத்த கோச் மைக்கேல் மலோனையும் ஜெனரல் மேனேஜரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஏழாவது ஆட்டத்தில் ஒக்லஹோமா கோச் மார்க் டேக்னால்ட் ஒரு காரியம் செய்தார். யோகிச்சின் மேல் கருசோவைப் போட்டார். கருசோ யோகிச்சைவிட அரை அடி குட்டை, எடையிலும் பக்கத்தில் வரமாட்டார். பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அவர் பின்னால் நின்று தள்ளுமுள்ளு செய்யவில்லை. முன்னால் வந்து, பாஸ் வரும் பாதையிலேயே கையை நீட்டிக்கொண்டு, யோகிச்சின் தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டார். பந்து கைக்கு வந்தால்தானே பெரிய ஆளின் பலம் வேலை செய்யும்? அன்று யோகிச் ஒன்பது ஷாட் மட்டுமே போட முடிந்தது. ஒக்லஹோமா 125, டென்வர் 93. நான் முகம் சுளித்த டிரேடின் பதில் அதுதான்.

ஆட்டம் முடிந்ததும் யோகிச் சொன்ன விஷயமும் என் கட்சிக்குச் சாட்சி. ரொடேஷன் (மாற்றி மாற்றி இறக்கும் ஆட்களின் வரிசை) நீளமாக இருக்கிற அணிகள்தான் இந்தத் தடவை ஜெயித்துக்கொண்டிருக்கின்றன என்ற பொருளில் சொல்லி, ஒக்லஹோமாவையும் இந்தியானாவையும் மினசோட்டாவையும் உதாரணம் காட்டினார். தன் அணிக்கு அது இல்லை என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

லேக்கர்ஸ் கதையும் இதே பாடம்தான். பிப்ரவரி 1 இரவு லூகா டான்சிச்சை டாலஸ் லேக்கர்ஸிடம் தூக்கிக் கொடுத்தது. பதிலுக்கு முக்கியமாக வந்தது அந்தோணி டேவிஸ். முந்தைய வருடம் ஃபைனல்ஸ் வரை கூட்டிக்கொண்டு போன 25 வயது ஆட்டக்காரரை யாராவது கொடுப்பார்களா? செய்தி வெளியிட்டவரின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் நிறையப் பேர் முதலில் நினைத்தார்கள், நானும்தான். டேவிஸ் டாலஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம். மார்ச்சில் கைரி இர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. டாலஸ் பிளேஆஃப்கூடப் போகவில்லை. அப்புறம் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு டிராஃப்ட் லாட்டரியில் (யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்ற குலுக்கலில்) முதலிடம், கிடைத்தவர் கூப்பர் ஃபிளாக். வீட்டைக் கொளுத்தியவனுக்குப் புதையல் கிடைத்த கதை. லூகா ஏப்ரல் 9 அன்று டாலஸுக்குத் திரும்பி வந்து, அரங்கத்தில் போட்ட வீடியோவைப் பார்த்து அழுதுவிட்டு 45 பாயின்ட் அடித்தார். ஆனால் பிளேஆஃபில் என்ன ஆயிற்று? மினசோட்டாவுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் கோச் ஜேஜே ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும் அதே ஐந்து பேரை வைத்தே ஓட்டினார், ஒரு மாற்றம்கூட இல்லை. பெஞ்சை அவர் நம்பவில்லை. மூன்று பாயின்டில் தோற்றார்கள், தொடரும் 4-1 என்று போயிற்று.

பாஸ்டன் எதிர்த் திசையில் ஒரு சாட்சி. 61 வெற்றி. ஷாட்டுகளில் பாதிக்கு மேல் த்ரீ பாயின்டர். நியூயார்க் நிக்ஸோடு இரண்டாம் சுற்று முதல் ஆட்டத்தில் 60 த்ரீ போட்டு 45ஐத் தவறவிட்டார்கள். 20 பாயின்ட் முன்னிலையைக் கோட்டைவிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் 20 பாயின்ட் முன்னிலை, மறுபடியும் கோட்டை. நான்காவது ஆட்டத்தில் ஜேசன் டேட்டம் 42 பாயின்ட் அடித்துவிட்டு குதிகால் தசைநாண் (அக்கிலீஸ்) அறுந்து கீழே விழுந்தார். அதற்குமேல் அந்த அணியைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கிளீவ்லாண்ட் தொடக்கத்தில் 15-0, மொத்தம் 64 வெற்றி. கெனி அட்கின்சன் சிறந்த கோச், எவன் மோப்லி சிறந்த டிஃபென்டர், எல்லா விருதும் வாங்கினார்கள். இரண்டாம் சுற்றில் இந்தியானாவிடம் 4-1. அதில் காயங்கள் நிறைய, இரண்டாவது ஆட்டத்தில் மோப்லி, கார்லண்ட், ஹன்டர் மூன்று பேருமே இல்லை. எனவே அவர்களை வெறும் ரெகுலர் சீசன் அணி என்று ஒதுக்குவது நியாயம் இல்லை.

ஆனால் அதே கிளீவ்லாண்ட் முந்தைய கோடையில் வேண்டாம் என்று அனுப்பிய கோச் ஜேபி பிக்கர்ஸ்டாஃப் டெட்ராய்ட்டில் செய்ததுதான் எனக்கு அந்த வருடத்தின் இனிப்பு. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023-24ல் 14 வெற்றி, 68 தோல்வி. நடுவில் தொடர்ந்து 28 தோல்வி. அடுத்த வருடம் 44-38. வெற்றி எண்ணிக்கையை மூன்று மடங்குக்கு மேல் ஆக்கிய முதல் அணி. கேட் கன்னிங்ஹாம் 26.1 பாயின்ட், 9.1 அசிஸ்ட். நிக்ஸுக்கு எதிராக மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டாவது ஆட்டத்தை 100-94 என்று ஜெயித்தார்கள். 2008க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் பிளேஆஃப் வெற்றி அது. நான்காவது ஆட்டம் ஒரு பாயின்டில் போனது, கடைசி நொடியில் டெட்ராய்ட்டின் ஹார்டவேயை இடித்த ஃபவுலைக் கொடுக்காமல் விட்டோம் என்று நடுவர்களே பிறகு ஒத்துக்கொண்டார்கள். இன்னும் அந்த மூலையில் நடந்ததை நினைத்தால் பற்களை நறநறவென்று கடிப்பேன்.

தனி ஆட்களில் இன்னும் இரண்டு பேர். அட்லாண்டாவின் டைசன் டேனியல்ஸ் 229 ஸ்டீல், ஆட்டத்துக்கு 3. கடைசியாக 1990-91ல் ஆல்வின் ராபர்ட்சன் அந்தச் சராசரியைத் தொட்டார். 34 வருடம் கழித்து 22 வயது ஆஸ்திரேலியப் பையன் ஒருவன். கைவரிசை என்றால் இதுதான் கைவரிசை. அடுத்து சான் அன்டோனியோவின் வெம்பன்யாமா, ஆட்டத்துக்கு 3.8 பிளாக் (எதிரணி ஷாட்டைத் தட்டிவிடுவது). தோளில் ரத்த உறைவு என்று பிப்ரவரியில் சீசன் முடிந்துவிட்டது, 46 ஆட்டம்தான். விருதுக்கு 65 ஆட்டம் வேண்டும் என்ற விதி இருப்பதால் சிறந்த டிஃபென்டர் பட்டியலிலேயே அவர் பெயர் வரவில்லை. இல்லாவிட்டால் போட்டியே கிடையாது.

கடைசியாக ஹாலிபர்டன்.

அந்த ஏப்ரலில் என்பிஏ ஆட்டக்காரர்களிடமே பெயர் வெளியிடாமல் கருத்துக் கேட்டு, லீகிலேயே தகுதிக்கு மீறிப் பேசப்படுபவர் யார் என்றபோது முதலிடம் வந்த பெயர் இவருடையது. காரணம் எனக்குப் புரிகிறது. 18.6 பாயின்ட் சராசரி, விநோதமான ஷூட்டிங் ஸ்டைல், சில இரவுகளில் ஆள் இருக்கும் இடமே தெரியாது. ஆனால் 9.2 அசிஸ்டுக்கு 1.6 டர்ன்ஓவர் (பந்தைத் தொலைப்பது). லீகிலேயே வேகமாக ஓடுகிற அணிகளில் ஒன்றை நடத்திக்கொண்டு, பந்தைத் தொலைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஸ்கோர் போர்டு சொல்லாது. நிக்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் 32 பாயின்ட், 12 ரீபவுண்ட், 15 அசிஸ்ட், டர்ன்ஓவர் பூஜ்யம். பிளேஆஃபில் இதற்கு முன் யாரும் செய்யாதது.

அதோடு அந்தக் கடைசி நொடிகள். மில்வாக்கியை 1.3 நொடி இருக்கும்போது முடித்தார். கிளீவ்லாண்டை 1.1 நொடியில், தான் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவையே பிடித்து வந்து, பின்னால் நகர்ந்து ஒரு த்ரீ. நிக்ஸோடு முதல் ஆட்டத்தில் பந்து ரிம்மின் பின்பக்கத்தில் பட்டு வானத்துக்கு எழும்பி, ஒரு யுகம் கழித்து நேராக உள்ளே விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, இந்தியானாவின் பழைய நட்சத்திரம் ரெஜி மில்லர் 1994ல் அதே அரங்கத்தில் செய்தது போல, திணறிவிட்டீர்கள் என்று கழுத்தைப் பிடித்துக் காட்டினார். ரெஜி மில்லரே அன்று வர்ணனையில் இருந்தார். பார்த்தால் ஹாலிபர்டனின் கால் விரல் கோட்டின் மேல். மூன்று இல்லை, இரண்டுதான், ஸ்கோர் சமன். ஓவர்டைமில் ஜெயித்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

ஊதிப் பெருக்கப்பட்டவரா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. 10-15 என்று சீசனை ஆரம்பித்த அணியை ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனவருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அந்த ஏழாவது ஆட்டத்தில் கெண்டைக்காலில் காயத்தோடு இறங்கி, முதல் சில நிமிடத்திலேயே மூன்று த்ரீ போட்டார். அப்புறம் வலது காலை ஊன்றித் திரும்பியபோது குதிகால் தசைநாண் அறுந்தது. கீழே கிடந்து தரையை ஓங்கி ஓங்கி அடித்தார். லில்லர்ட், டேட்டம், ஹாலிபர்டன் என்று ஒரே பிளேஆஃபில் மூன்று பேருக்கு அதே தசைநாண், மூவருடைய ஜெர்சி எண்ணும் 0. மூட நம்பிக்கை எனக்கு இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் போன பிறகும் பாதி ஆட்டம் முடியும்போது இந்தியானாதான் 48-47 என்று ஒரு பாயின்ட் முன்னால் இருந்தது. மூன்றாவது குவார்ட்டரில் ஒக்லஹோமாவின் கைகள் உள்ளே நுழைய ஆரம்பித்தன, 34-20. அன்றைய இந்தியானாவின் டர்ன்ஓவர் 20ஐத் தாண்டியது. 103-91. ஷேவுக்கு 29 பாயின்ட், 12 அசிஸ்ட், ஃபைனல்ஸ் எம்விபி. ஒரே சீசனில் ஸ்கோரிங் பட்டம், எம்விபி, ஃபைனல்ஸ் எம்விபி மூன்றையும் வாங்கியவர்கள் அவருக்கு முன் கரீம், ஜோர்டன், ஷக்கில் மட்டும்தான்.

புதிதாகப் பார்க்கிறவருக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்தின் நான்காவது குவார்ட்டர். முதல் பாதியில் மட்டும் இருபதுக்குப் பக்கத்தில் டர்ன்ஓவர் கொடுத்து, 15 பாயின்ட் பின்தங்கியிருந்த இந்தியானா மெல்ல மெல்ல ஊர்ந்து வரும். கடைசியில் ஷேவின் ஷாட் தவறும். இந்தியானா கோச் கார்லைல் டைம்அவுட் கேட்கமாட்டார். ஹாலிபர்டன் வலது பக்கமாக வந்து, வாலஸின் தலைக்கு மேல் எழும்பிப் போடுவார். 111-110, மிச்சம் 0.3 நொடி. அந்த 48 நிமிடத்தில் இந்தியானா முன்னால் இருந்தது அந்த 0.3 நொடி மட்டும்தான். ஸ்கோர் இப்போது தெரிந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அது உள்ளே போகாது என்றுதான் தோன்றுகிறது.